'அசோகர் உங்க மகருங்களா?': ஒரு லேசான படத்தை எடை போடுவது

'காதலிக்க நேரமில்லை' என்றதும் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வருவது நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி. அதற்கடுத்து பாட்டுகள். அதற்கும் அடுத்து, 'ஜாலியான படம்ப்பா, கதை கிதைன்னு பெரிசா ஒன்னும் கிடையாது' என்று ஒரு வரி. படம் வந்து அறுபது வருஷம் தாண்டிவிட்டது, இன்னமும் இந்த ஒற்றை வரித் தீர்ப்போடுதான் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. முதுகில் தட்டிக்கொடுத்து ஓரமாக உட்கார வைக்கிற தீர்ப்பு. கனமான படம் என்றால் மணிக்கணக்கில் அலசுவோம், இயக்குநர் என்ன நினைத்தார், கேமரா எங்கே நின்றது என்றெல்லாம் சண்டை போடுவோம். சிரிக்க வைத்த படம் என்றால் சிரித்ததோடு கணக்கு தீர்ந்தது.

எனக்கு அந்தக் கணக்கு தீரவேயில்லை. காரணம், இந்தப் படத்தை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். ரேடியோவில் ஒலிச்சித்திரம் என்று போடுவார்களே, ஒரு படத்தின் வசனத்தையும் பாட்டையும் வெட்டிச் சுருக்கி ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டுவது, அப்படித்தான் இது காதில் விழுந்தது. அந்தக் கதை சொல்லும் காட்சியில் எனக்குக் கேட்டதெல்லாம் நாகேஷ் மட்டும்தான். காற்று, கதவு, காலடிச் சத்தம் எல்லாம் அவர் வாயிலிருந்தே வரும். எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது நடுவில் வரும் ஒன்றிரண்டு முனகலில் தெரியும், அவ்வளவுதான். சிரிப்பு வந்தது, ஆனால் இதற்கா ஊரே இப்படிச் சிரிக்கிறது என்ற சந்தேகமும் வந்தது. சில வருஷம் கழித்து டிவியில் பார்த்தபோதுதான் அந்தக் காட்சியின் பாதி எனக்குக் கிடைக்காமலே இருந்தது புரிந்தது. அந்தப் பாதி டி.எஸ்.பாலையாவின் முகம்.

படத்தை எடை போடுவதற்கு எனக்குக் கிடைத்த தராசும் அதுதான். நாகேஷ் சிரிக்க வைக்கிறார், சரி. படம் அந்தரத்தில் பறந்துபோகாமல் தரையில் பிடித்து வைத்திருப்பது யார்? பாலையா. தான் ஒரு காமெடிப் படத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாத மாதிரி அந்த மனிதர் நடிக்கிறார். மற்ற எல்லோருடைய விளையாட்டும் அவர்மேல் மோதித்தான் சத்தம் எழுப்புகிறது.

கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன் (பாலையா). இரண்டு பெண்கள், காஞ்சனா, நிர்மலா. ஒரே பையன் செல்லப்பா (நாகேஷ்), அப்பா பணத்தில் சினிமா எடுக்கத் துடிப்பவன், 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று கம்பெனிக்குப் பெயர் வரைக்கும் வைத்துவிட்டான். எஸ்டேட்டில் வேலை பார்த்து, முதலாளி மகள்கள் என்று தெரியாமல் அந்தப் பெண்களிடம் வம்பு வளர்த்து, வேலை போன அசோக் (ரவிச்சந்திரன்) முதலாளி வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்துப் போராட்டம் நடத்துகிறான், கூடவே நிர்மலாவைக் காதலிக்கவும் செய்கிறான். ஏழை வாத்தியார் மகன் என்றால் கல்யாணம் நடக்காதே, அதனால் தன்னைக் கோடீஸ்வரர் சிதம்பரத்தின் ஒரே வாரிசு என்று அளந்துவிட்டு, அந்தச் சிதம்பரமாக நடிக்க நண்பன் வாசுவை (முத்துராமன்) கிழவர் வேஷத்தில் வரவழைக்கிறான். வந்து பார்த்தால் வாசு காதலிக்கும் காஞ்சனா அதே வீட்டுப் பெண். போதாததற்கு வாசுவின் உண்மையான அப்பா (வி.எஸ்.ராகவன்) விஸ்வநாதனின் பழைய சிநேகிதர். இனி என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஆள்மாறாட்டம், பணக்காரப் பொய், இரண்டு ஜோடி, கடைசியில் எல்லாம் வெளுத்து எல்லோரும் ஒன்று சேர்வது. நாடக மேடைக்கு இது புதுசே இல்லை. அப்படியிருக்க, 1964 பிப்ரவரி 27-ல் இந்தப் படம் வந்தபோது ஏன் அத்தனை பேருக்குப் புதுசாகத் தெரிந்தது என்பதற்கு அந்த வருஷத்துத் தியேட்டர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு ஒரு பக்கம் 'கர்ணன்', மறுபக்கம் 'வேட்டைக்காரன்'. ஒன்றில் தர்மம் செய்து சாகும் சிவாஜி, இன்னொன்றில் துப்பாக்கியோடு எம்.ஜி.ஆர். குடும்பப் படம் என்றால் தியாகம், நோய், பிரிவு, மூன்றில் ஒன்றாவது வேண்டும், மூன்றும் இருந்தால் வெள்ளிவிழா. காமெடி என்பது இதற்கு நடுவில் ஊறுகாய். என்.எஸ்.கிருஷ்ணன் காலத்திலிருந்தே அதற்குத் தனி டிராக்: கதாநாயகன் அழுதுகொண்டிருப்பான், அடுத்த காட்சியில் சம்பந்தமே இல்லாமல் இரண்டு பேர் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவார்கள். முழுக்க முழுக்கச் சிரிப்புப் படம் என்பது அதற்கு முன்பு இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், 1941-லேயே 'சபாபதி' வந்துவிட்டது, 1955-ல் 'மிஸ்ஸியம்மா'. ஆனால் ஒரு பெரிய இயக்குநர், அதுவும் அழவைத்தே பெயர் வாங்கியவர், பெரிய ஸ்டார் ஒருவர்கூட இல்லாமல், ஈஸ்ட்மன் கலரில் இப்படி ஒரு படத்தை எடுப்பது வேறு சமாசாரம்.

அந்த இயக்குநர் ஸ்ரீதர். 1959-ல் 'கல்யாணப் பரிசு', 1962-ல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. அந்த இரண்டாவது படத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, தனக்கு ஏதாவது ஆனால் மனைவியின் கதி என்ன என்று கவலைப்படும் நோயாளி யார்? முத்துராமன். இரண்டே வருஷத்தில் அதே முத்துராமனைப் பொய்த் தலைமுடி ஒட்டிப் போலிக் கிழவராக்கிவிட்டார். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பார்த்து மூக்கைச் சிந்திய அதே கூட்டம்தான் இதற்கும் டிக்கெட் எடுத்தது என்பதை நினைத்தால் அந்த வேஷத்துக்குத் தனி ருசி.

ஸ்ரீதருக்கும் இது முதல் லேசான முயற்சி இல்லை. அவருடைய சொந்த நிறுவனம் சித்ராலயாவின் முதல் படம் 'தேன் நிலவு' (1961). காஷ்மீர், ஏரி, ஜெமினி, வைஜயந்திமாலா, தங்கவேலுவின் ரகளை என்று நன்றாகத்தான் போகும். பின்பாதியில் நம்பியார் வருவார், மிரட்டல் வரும், படத்துக்குத் திடீரென்று காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிடும். மூன்று வருஷம் கழித்து 'காதலிக்க நேரமில்லை'யில் அந்தத் தப்பு நடக்கவில்லை. வில்லன் கிடையாது. யாரும் சாகவில்லை. கடன் இல்லை, நோய் இல்லை. விஸ்வநாதன் வீட்டில் அம்மா கிடையாது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தக் காலப் படத்தில் அம்மா இருந்தால் ஒரு அழுகைக் காட்சி கட்டாயம் வந்து சேரும், அந்த வாசலையே அடைத்துவிட்டார்கள். கதை ஸ்ரீதரும் அவருடைய சின்ன வயசு நண்பர் சித்ராலயா கோபுவும் சேர்ந்து செய்தது. லேசாக இருப்பது ஏதோ தானாக அமைந்ததில்லை. எதையெல்லாம் உள்ளே விடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

இப்போது பாலையாவுக்கு வருகிறேன். 1936-ல் 'சதி லீலாவதி'யில் வந்தவர், எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அங்கிருந்து தொடங்கிப் பல வருஷம் அவருக்குக் கிடைத்ததெல்லாம் வில்லன் வேஷம்தான். கண்ணை உருட்டுவது, குரலைத் தாழ்த்திக் குழைவது, சட்டென்று உறுமுவது, இதெல்லாம் வில்லனாக இருந்து சேர்த்த சொத்து. விஸ்வநாதனுக்கு அதை அப்படியே கொண்டுவந்து போட்டிருக்கிறார். காமெடிக்கென்று தனியாக ஒரு குரலோ நடையோ வைத்துக்கொள்ளவில்லை. இந்த ஆளின் உலகத்தில் பணம் என்பது விளையாட்டு விஷயமே இல்லை. எதிரில் நிற்பவனுக்கு எவ்வளவு சொத்து என்று தெரிந்த பிறகுதான் எந்தக் குரலில் பேசுவது என்று முடிவு செய்வார்.

படத்தின் மிகச் சின்ன வசனம், எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது, இங்கேதான் வருகிறது. வேலையைவிட்டுத் துரத்திய பயல் அசோக், கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் போலிச் சிதம்பரத்திடம் விஸ்வநாதன் கேட்பது: 'அசோகர் உங்க மகருங்களா?'

இதை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். தமிழில் 'ன்' போய் 'ர்' வந்தால் மரியாதை. தலைவன் தலைவராவான், கவிஞன் கவிஞராவான். நேற்றுவரை 'அவன்', இன்று 'அவர்'. விஸ்வநாதனுக்கு இந்த இலக்கணம் நன்றாகத் தெரியும், அவர் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. அதனால் கையில் கிடைத்த எல்லாவற்றுக்கும் அந்த 'ர்'ரை மாட்டிவிடுகிறார். அசோக் என்ற பெயருக்கு மாட்டியதும் அது அசோகர் ஆகிவிடுகிறது. சாலையின் இரு மருங்கிலும் மரங்களை நட்டார் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்த அசோகர். வேலை போன பையன் ஒரே நொடியில் சக்கரவர்த்தி. அதோடு நின்றாரா? மகன் என்ற சொல்லையும் விடவில்லை. 'மகர்' என்று தமிழில் ஒரு சொல்லே கிடையாது. மகனுக்கு மரியாதை வேண்டுமென்றால் மகனார் என்போம், புதல்வர் என்போம். அதையெல்லாம் தேட இந்த ஆளுக்கு நேரமில்லை, பணம் எதிரில் நிற்கிறது. சரி, 'மகர்' என்று ஒரு புதுச் சொல்லை அங்கேயே செய்துவிடுகிறார், அதுவும் போதவில்லை போலிருக்கிறது என்று வாலில் 'ங்க' சேர்க்கிறார்.

மூன்றே சொல். பணத்தைக் கண்டதும் வளைகிற முதுகைப் பற்றி ஒரு சீர்திருத்தப் படம் இருபது நிமிஷம் பேசியிருக்கும். இங்கே ஒரு விகுதி போதும். பாலையா அதைச் சொல்லும்போது ஜோக் சொல்கிறோம் என்ற சாயலே முகத்தில் இருக்காது. உண்மையான பவ்யம். அவர் கொஞ்சம் கண்ணடித்திருந்தால்கூட அது வெறும் வார்த்தை விளையாட்டாகப் போயிருக்கும். இந்த வசனம் வேறு மொழிக்குப் போகாது. சப்டைட்டில் எழுதப் போகிறவர் மேல் எனக்குப் பரிதாபம்தான்.

இதே ஆள்தான் கதை சொல்லும் காட்சியில் உட்கார்ந்திருக்கிறார். இதைத் தனித் துண்டாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு: அதற்கு முன் படம் முழுக்க விஸ்வநாதன் மகன் சொல்வதை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. சினிமா எடுக்கிறேன் என்கிறவனுக்கு எந்த அப்பா பணம் கொடுப்பார்? இத்தனை நாள் விரட்டியடித்த பையனுக்கு அன்று எப்படியோ உட்கார்ந்து காது கொடுக்கிறார். ஆரம்பத்தில் அந்த முகத்தில் ஒரு முதலாளிக் களை இருக்கும், என்ன உளறப் போகிறாய் பார்ப்போம் என்கிற சாய்வு. செல்லப்பா இருட்டையும் காற்றையும் வாயால் செய்யத் தொடங்குகிறான். உட்கார்ந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறான். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சாய்வு நிமிர்கிறது, கண் மகனை விட்டு அகலாமல் ஒட்டிக்கொள்கிறது, உடம்பு உள்ளே சுருங்குகிறது. கண்ணை உருட்டி ஊரைப் பயமுறுத்திய அதே வில்லன் கண், இப்போது பயத்தில் உருளுகிறது.

படம் முழுக்கச் சொத்துக் கணக்குப் போட்டபடியே இருக்கும் மனிதர் அந்தச் சில நிமிஷம் மட்டும் கணக்கை மறந்துவிடுகிறார். பையனிடம் அப்பா மாட்டிக்கொள்வதும் அங்கே மட்டும்தான். பணம் இருப்பவனை இல்லாதவன் ஒரு கதையால் ஆட்டிப் படைக்கிறான். அதனால்தான் அந்தக் காட்சியை நூறு தடவை பார்த்தாலும் சலிக்கவில்லை என்று நினைக்கிறேன். வசனம் மனப்பாடமாகிவிட்டால் ஜோக் செத்துவிடும். பயப்படுகிற முகம் சாகாது, ஏனென்றால் அது ஒவ்வொரு தடவையும் புதுசாகப் பயப்படுகிறது.

(ஒரு சின்ன விஷயம், கட்டுரைக்கு அவசியமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ஏ.வின்சென்ட். அதே 1964-ல்தான் மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' என்ற பேய்ப் படத்தை அவரே இயக்கினார். ஒரே வருஷத்தில் ஒரு மொழியில் நிஜமான பேய்க்கதை, இன்னொரு மொழியில் பேய்க்கதை கேட்டு நடுங்கும் எஸ்டேட் முதலாளி.)

நாகேஷைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் அந்தக் காட்சியில் செய்வது அசாத்தியம், உடம்பையே ஒரு ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருக்கிறார். ஆனால் அவர் பாத்திரம் இந்தப் படத்தில் சாதித்தது வேறு ஒன்று என்பேன். 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' பழைய கணக்கில் ஒரு தனி காமெடி டிராக்தான். அதைக் கதாநாயகியின் அண்ணன் என்று வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்ததால் டிராக் என்ற நினைப்பே வருவதில்லை. ஒரே அப்பாவிடம் ஒருவன் பெண் கேட்கிறான், இன்னொருவன் பணம் கேட்கிறான், இரண்டு பேரும் கதை கட்டித்தான் காரியம் சாதிக்கப் பார்க்கிறார்கள். அசோக் சொல்கிற கதையை நம்பிவிடுகிற விஸ்வநாதன், பெற்ற பிள்ளை சொல்கிற கதையைக் கேட்டுப் பயப்படுகிறார். படம் இதை எங்கேயும் சுட்டிக்காட்டுவதில்லை, அது பாட்டுக்கு நடக்கிறது.

சினிமாக்காரர்கள் தங்களையே கேலி செய்துகொண்டதும் இதில் சேர்த்தி. கையில் ஒரு அடி ஃபிலிம் இல்லை, பெரிய பெரிய பேச்சு மட்டும் இருக்கிறது, எஸ்டேட் மேனேஜர் மகள் மீனாட்சியைக் கதாநாயகி ஆக்கிவிடுவதாக வாக்கும் கொடுத்தாகிவிட்டது. அந்த மீனாட்சி சச்சு. குழந்தை நட்சத்திரமாக வந்து, 1962-ல் 'வீரத்திருமகன்' படத்தில் நிஜமாகவே கதாநாயகியாக நடித்தவர். அவர் இங்கே கதாநாயகி ஆகத் துடிக்கும் பெண்ணாக, காமெடிப் பக்கத்தில். அந்தக் காலத்தில் அது ஒரு படி கீழே இறங்குவது என்றுதான் பார்க்கப்பட்டிருக்கும். அதற்கப்புறம் எத்தனை வருஷம் காமெடியில் நிலைத்து நின்றார் என்று நமக்குத் தெரியும்.

கூடாரப் போராட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வேலைநீக்கம், எதிர்ப்பு, கோஷம், பந்தல், எல்லாம் அந்நாளில் தெருவில் நிஜமாகவே நடந்துகொண்டிருந்த விஷயங்கள். அதை 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' என்று ஒரு பாட்டாக்கி, பையன்கள் ஆடுகிற மாதிரி செய்துவிட்டார்கள். இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி, பாட்டு கண்ணதாசன், ஆக பாட்டில் கூப்பிடுவது எஸ்டேட் விஸ்வநாதனையா, ஆர்மோனியத்து விஸ்வநாதனையா என்று சிரித்துக்கொண்டவர்கள் அன்றைக்கே இருந்திருப்பார்கள். தொழிலாளி பிரச்சினையை இப்படிக் கேலியாக்கலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு உடனடி பதில் இல்லை. ஆனால் கேலிக்கு ஆளாவது போராடுகிறவன் இல்லை, வீட்டு மாடியில் நின்று எரிச்சலில் வெந்துபோகிற முதலாளி. அந்த எரிச்சலையும் பாலையா துளி குறையாமல் நிஜமாகவே படுகிறார்.

ரவிச்சந்திரனுக்கும், காஞ்சனா என்ற சொந்தப் பெயரிலேயே நடித்த காஞ்சனாவுக்கும் இதுதான் முதல் பெரிய வாய்ப்பு. மலேசியாவிலிருந்து வந்த பையன், விமானப் பணிப்பெண்ணாக இருந்த பெண். நடிப்பு என்று பார்த்தால் இருவருமே இன்னும் பழகவில்லை என்பது தெரியும், ரவிச்சந்திரனுக்கு வசனத்தை விட ஆட்டம் நன்றாக வருகிறது. அது குறையாகத் தெரியாததற்குக் காரணம், படம் அவர்களிடம் கேட்டதே உற்சாகத்தைத்தான். சிவாஜி அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தால் நாம் அவரையே பார்த்துக்கொண்டிருப்போம், பாலையாவை யார் பார்ப்பது? இது வெறும் ஊகம் இல்லை. 1967-ல் இதே ஸ்ரீதர், இதே கோபு, இதே பாலையா, இதே நாகேஷ் கூட்டணி சிவாஜியை வைத்து 'ஊட்டி வரை உறவு' எடுத்தது. நல்ல பொழுதுபோக்கு, பாட்டுகளும் அருமை. ஆனால் அதில் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றித்தான் எல்லாம் சுழல வேண்டியிருக்கிறது, அந்த எடை தெரிகிறது.

சரி, எங்கே தொய்கிறது? சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இது ரசிகர் மன்ற நோட்டீஸ் ஆகிவிடும்.

முதலில், பாட்டு எட்டு. 'அனுபவம் புதுமை', 'என்ன பார்வை', 'நாளாம் நாளாம்' எல்லாம் இன்றைக்கும் கேட்கிறோம், யேசுதாஸ் தமிழில் பாட வந்த புதிதில் பாடியது அந்த 'என்ன பார்வை'. தனித்தனியாக எதையும் குறை சொல்ல மனசு வராது. ஆனால் படத்துக்குள் வைத்துப் பார்த்தால், பொய் இறுகி மூச்சு முட்ட வேண்டிய நேரத்தில் மெரினாவும் ஆழியாறும் வந்து ஆற அமர உட்கார்ந்துகொள்கின்றன. விதிவிலக்கு, சீர்காழி கோவிந்தராஜன் பாடிய தலைப்புப் பாட்டு. கிழவர் வேஷத்தில் இருக்கும் வாலிபனுக்கு அந்தக் கணீர் குரலைக் கொடுத்ததே ஒரு ஜோக், வேஷம் மேலும் ஒரு சுற்றுக் கனமாகிறது. மற்றவை அழகான இடைவேளைகள்.

இரண்டாவது, முத்துராமனின் வேஷம். ஆரம்பத்தில் ரசமாக இருக்கிறது, போகப் போக ஒரே உத்தி திரும்பத் திரும்ப வருகிறது: யாராவது உள்ளே வந்துவிடுவார்கள், இவர் சமாளிப்பார். பார்க்கிற நமக்கு எல்லா உண்மையும் தெரியும், தெரியாதவர் பாலையா ஒருவர்தான். அவர் காட்சியில் இருந்தால் பதற்றம் இருக்கிறது, அவர் இல்லாத இடத்தில் ஆள்மாறாட்டம் வெறும் ஒப்பனையாகிவிடுகிறது. கடைசியில் எல்லாம் வெளிப்பட்டுச் சேரும் பகுதியும் அவசரம்தான்.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியதில்தான் எனக்கு உண்மையான மனக்குறை. சென்னையில் படித்துவிட்டு வருகிற இரண்டு பெண்கள், அந்தக் கால நாகரிகத்தின் உச்சியில் இருக்கிறார்கள், உயர்த்திக் கட்டிய கொண்டை, இறுக்கமான சுடிதார், வாய்த்துடுக்கு. முதல் அரை மணி நேரம் அவர்கள் ஏதோ செய்யப் போகிறார்கள் என்று படம் ஆசை காட்டுகிறது. காதல் வந்ததும் அந்தத் துடுக்கு காணாமல் போய்விடுகிறது. பொய்யைத் திட்டமிடுவது ஆண்கள், நடிப்பது ஆண்கள், மாட்டுவதும் ஆண்கள். பெண்கள் பாட்டுக்கு வருகிறார்கள். சச்சுவின் மீனாட்சிக்காவது தனக்கென்று ஒரு ஆசை இருக்கிறது, கதாநாயகிகளுக்கு அதுகூட இல்லை. அப்புறம் அந்தக் கேலி, பின்னாலேயே சுற்றுவது, இன்றைக்குப் பார்த்தால் நெளிய வைக்கும் இடங்கள் உண்டு. 'அந்தக் காலத்தில் அப்படித்தான்' என்பது விளக்கமாகலாம், சிரிப்பு வராத இடத்தில் சிரிப்பை வரவழைக்காது.

ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு படத்தைக் கழித்துக்கட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை. லாஜிக் கேட்டு மடக்குவது அதைவிட மோசம். ஒட்டுத் தாடியும் வெள்ளை முடியும் ஒரு எஸ்டேட் முதலாளியை இத்தனை நாள் ஏமாற்றுமா என்று கேட்பவர், விஸ்வநாதனைச் சரியாகப் பார்க்கவில்லை. அவர் ஒட்டுமுடியைப் பார்த்து ஏமாறவில்லையே, கோடீஸ்வரர் என்ற சொல்லைக் கேட்டல்லவா ஏமாறுகிறார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு முகத்தைப் பார்ப்பதற்கு அவருக்கு அவசியமே இல்லை. மகர் என்று உளறுகிறவருக்கு ஒட்டுத் தாடி எங்கே தெரியப் போகிறது?

படம் தெலுங்குக்குப் போனது, 1966-ல் ஸ்ரீதரே இந்தியில் 'ப்யார் கியே ஜா' என்று எடுத்தார், பிறகு கன்னடத்திலும் மராத்தியிலும்கூட வந்தது. இந்தியில் கதை சொல்லும் மகனாக மெஹ்மூத், கேட்கும் அப்பாவாக ஓம் பிரகாஷ். சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது மெஹ்மூதுக்குக் கிடைத்தது. தகுதியானதுதான். விருது எப்போதும் பேசுகிறவருக்குத்தான் போகும், கேட்டுக்கொண்டிருப்பவருக்கு விருது கொடுக்கிற வழக்கம் எங்குமே இல்லை. தமிழிலும் அப்படியே ஆயிற்று, அந்தக் காட்சியை 'நாகேஷ் காட்சி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நானும் இந்தக் கட்டுரையின் முதல் வரியில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் பாருங்கள்.

பாலையா 1972-ல் இறந்துபோனார். அதற்குள் 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதரும், 'தில்லானா மோகனாம்பாள்' தவில்காரரும் வந்துவிட்டார்கள். இந்த இரண்டிலும் அவர் செய்வது அதே வேலைதான்: தன்னை மிகப் பெரிய ஆளாக நம்பும் ஒருவர், அந்த நம்பிக்கை ஆட்டம் காணும்போது முகத்தில் நடப்பது. விஸ்வநாதனில் அது இன்னும் சின்ன அளவில், இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த தடவை அந்தக் காட்சி எங்காவது கண்ணில் பட்டால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பாருங்கள். எனக்கு ரேடியோவில் கிடைத்தது ஒரு பாதி, இது மறுபாதி. நாகேஷின் காற்றும் கதவும் கேட்காது. கேட்காவிட்டாலும் எந்த நொடியில் கதவு திறக்கிறது என்று பாலையாவின் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.